மக்காச்சோளத்தில் ஒன்றரைச் சுற்று

கார் வாங்கிய புதிதில் ஒரு மனிதனுக்கு வருகிற அறிவு, அந்தக் காரைச் செய்தவனுக்கே வந்திருக்காது. (முதல் கீறல் விழும்வரை இருக்கும். பிறகு போய்விடும்.) எனக்கும் வந்தது. பெரம்பலூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் நான். கண் பார்க்க வருகிறவர்களிடம் எழுத்துப் பலகையின் மூன்றாவது வரியைப் படிக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் படித்து முடிப்பதற்குள் என் காரைப் பற்றி நான்கு வரி சொல்லிவிடுவேன். கண்ணாடி வாங்க வந்து, வாங்காமலே எழுந்து போனவர்களும் உண்டு.

காரில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது பாட்டுப் பெட்டியோ ஏ.சி.யோ இல்லை. ஈ.எஸ்.சி. என்று ஒன்று. வண்டியை வழுக்கவிடாமல் பிடித்து நிறுத்தும் ஏற்பாடு. அதை உங்களுக்கும் சொல்லாமல் விட மாட்டேன். ஒரு வளைவில் வண்டி வழுக்குகிறது என்றால், நாம் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பியிருப்போம், வண்டி வேறு பக்கம் போய்க்கொண்டிருக்கும். ஸ்டியரிங்கில் ஒரு உணர்கருவி இருக்கிறது. டிரைவர் எங்கே போக ஆசைப்படுகிறான் என்று அது சொல்லும். வண்டியின் உடம்பில் இன்னொன்று இருக்கிறது. வண்டி உண்மையில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அது சொல்லும். எந்தச் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று சொல்ல, நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று. ஆசையும் நடப்பும் ஒத்துப்போகாவிட்டால், ஒரு சின்னக் கம்ப்யூட்டர் நம்மைக் கேட்காமலே ஏதாவது ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். எஞ்சினின் இழுப்பையும் குறைக்கும். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாட்டின் கயிற்றை மட்டும் இழுத்துப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம் திரும்புமே, அந்த மாதிரி. கண்ணை மூடித் திறப்பதற்குள் இத்தனையும் நடந்து முடிந்துவிடும்.

இதை நான் யாரிடம் சொல்லக் கூடாதோ அவரிடம் சொன்னேன். அக்காவின் மாமனார் கோவிந்தசாமி, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ஆயுள் முழுக்க பஸ்ஸை ஓட்டி, ஒரு கோழியைக்கூட நசுக்காமல் வீட்டுக்கு வந்தவர். அவருக்குப் போன் போட்டு கால் மணி நேரம் விளக்கினேன். இந்த வண்டி வழுக்கவே வழுக்காது மாமா என்று முடித்தேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்னா, நீ எதுக்கு மாப்ள உள்ள உக்காந்துருக்க?" என்று கேட்டார். பழைய ஆள், புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தை மாதம் அக்கா மகள் யாழினிக்குக் காதுகுத்து. திருமழபாடிக்குப் பக்கத்தில், கொள்ளிடக் கரையில் இருக்கும் அவர்கள் குலதெய்வக் கோயிலில் ஏற்பாடு. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அக்காவுக்கு நான் ஒரே தம்பி. அதாவது உலகத்தில் இருந்த ஒரே தாய்மாமன் மடி என்னுடையது. நல்ல நேரம் ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை. அக்கா கல்யாணத்தின்போது எங்கள் வீட்டுச் சீர் வண்டி ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அதை அவள் மாமியார் வீட்டில் அதற்குப் பிறகு வந்த எல்லாப் பொங்கலிலும் எல்லாத் தீபாவளியிலும் மறக்காமல் நினைவுபடுத்தி வந்தார்கள். முந்தின நாள் அக்கா போனில் பேசியபோது அவள் குரலே சரியில்லை. "ஒம்பதரைக்கு முன்னாடி வந்துடுடா ரவி. இன்னொரு தடவ அவங்க முன்னாடி என்னையத் தலகுனிய வச்சிடாத" என்றாள். நான் சிரித்துக்கொண்டே, வண்டி இருக்கும்போது என்ன கவலை என்றேன்.

சீர்த்தட்டு பதினொன்று. பழம், பூ, தேங்காய், மஞ்சள் குங்குமம், பட்டுப் பாவாடை, தங்கத் தோடு என்று பத்துத் தட்டுகளை மாலதி டிக்கியில் அடுக்கி, பழைய புடவை ஒன்றால் அசையாமல் கட்டினாள். மாலதி என் மனைவி. அரும்பாவூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற காகிதத்தைக் கடைசி வரி வரை படிக்கிற ஜாதி. கார் வந்த அன்றே அதோடு வந்த கையேட்டுக்குப் பழுப்பு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, 'பெயர்: கார்' என்று எழுதியவள். பதினோராவது தட்டு லட்டு. கோபுரம் போல அடுக்கி, மஞ்சள் கண்ணாடித் தாள் சுற்றியது. அதையும் டிக்கியில் வைத்துக் கட்டலாம் என்றாள் மாலதி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. பின் சீட்டில் வைத்தால்தான் வெளியே போகிறவர்கள் பார்ப்பார்கள். (எந்த ஊரில் எவன் நின்று பார்க்கப் போகிறான் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.)

வண்டியைத் துடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, அது நசுங்கும் சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று இன்னொன்று வைத்துக் கிளம்பும்போதே நேரமாகிவிட்டது. அரியலூரை நெருங்கும் இடத்தில் சுண்ணாம்புக்கல் லாரிகள் திரும்பும் ஒரு வளைவு வரும். புழுதி அடங்க அங்கே தண்ணீர் தெளித்திருந்தார்கள். சுண்ணாம்புத் தூளும் தண்ணீரும் சேர்ந்து ரோடு முழுக்க தோசைமாவுப் பதத்தில் கிடந்தது. நான் வேகத்தைக் குறைக்காமல் திரும்பினேன். காலுக்கடியில் 'டுர்ர்' என்று ஒரு சத்தம். நான் பிரேக்கைத் தொடவில்லை, ஆனால் யாரோ தொட்டார்கள். எஞ்சின் இழுப்புச் சட்டென்று குறைந்தது. எதிரே டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு நாலைந்து தரம் கண் சிமிட்டியது. சின்னக் கார் ஒன்றும் அதன் பின்னால் இரண்டு பாம்பு நெளிவதுமாக ஒரு படம். வண்டி கோடு போட்டது போல் வளைவைக் கடந்தது.

யோசித்துப் பாருங்கள். ஆறு மாதமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அந்த ஈ.எஸ்.சி. முதல் தடவையாக என் கண் முன்னால் வேலை செய்கிறது. எனக்கு அது ஈ.எஸ்.சி. என்றே தோன்றவில்லை. வண்டியில் ஏதோ கோளாறு என்றுதான் தோன்றியது. அடுத்த வளைவிலும் அதே சத்தம், அதே விளக்கு, அதே இழுப்புக் குறைவு. நேரமோ போய்க்கொண்டிருக்கிறது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் கீழே அதே படம் போட்ட பட்டன் ஒன்று இருந்தது. அதை அழுத்திப் பிடித்தேன். மஞ்சள் விளக்கு சிமிட்டுவதை விட்டுவிட்டு, அமைதியாக, நிலையாக எரிய ஆரம்பித்தது. அதன் கீழே ஆங்கிலத்தில் மூன்றே மூன்று எழுத்து. ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடுகிற நான் அந்த மூன்று எழுத்தைப் படிக்கவில்லை. கோளாறு சரியாகிவிட்டது என்று மாலதியைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினேன்.

அவள் அதற்குள் கையேட்டை எடுத்துப் பக்கம் தேடிப் பிடித்திருந்தாள். "என்னங்க, அது சிமிட்டுனா வேல செய்யுதுன்னு அர்த்தமாம். நிலையா எரிஞ்சாத்தான் அணச்சி வச்சிருக்குன்னு போட்டுருக்கு" என்றாள்.

அந்த நிமிடமே பட்டனைத் திரும்ப அமுக்கியிருக்கலாம். விரல் எட்டும் தூரம்தான். ஆனால் அமுக்கினால், பெண்டாட்டி சொல்லித்தான் செய்தான் என்றாகிவிடுமே. கார் முழுவதிலும் எங்களைத் தவிர லட்டு மட்டும்தான் இருந்தது, இருந்தாலும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அதெல்லாம் வெளிநாட்டு ரோட்டுக்கு எழுதியது, நம்மூருக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டேன். அவள் அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்துவிட்டுக் கையேட்டை மூடினாள்.

அரியலூரைத் தாண்டியதும், நேரத்தை மிச்சம் பிடிக்க ஊர்களுக்குள் புகுந்து போகும் ரோட்டில் விட்டேன். முன்னால் ஒரு மினி பஸ் போய்க்கொண்டிருந்தது. விடாமல் ஹாரன் அடித்து அதை முந்தினேன். ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். லட்டைப் பார்க்கிறார்கள் என்று மாலதியிடம் சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் தை மாதம் வந்துவிட்டால் பாதி ரோடு வண்டிக்கு, பாதி ரோடு மக்காச்சோளத்துக்கு. களத்தில் காய்வதைவிடத் தார் ரோட்டில் சீக்கிரம் காயும். காயப் போடுகிறவர்கள் ஓரத்தில் கல் வரிசை வைத்து, முள்ளை வெட்டிப் போட்டிருப்பார்கள். வண்டிக்காரர்கள் மிச்சப் பாதியில் மெதுவாகப் போவார்கள். செய்வது சரியில்லை என்று அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். யாரும் யாரையும் கேட்பதில்லை. பஸ்ஸை முந்திய வேகத்தோடு ஒரு வளைவில் திரும்பினேன். ரோட்டின் வலப் பாதியில் தங்கம் கொட்டியது போல் சோளம். அதைத் தின்ன வந்த இரண்டு ஆட்டை ஒரு அம்மா குச்சியோடு விரட்ட, ஆடுகள் நேராக என் வண்டிக்கு முன்னால் ஓடி வந்தன. நான் பிரேக்கை மிதித்து, அதே நேரத்தில் ஸ்டியரிங்கையும் ஒடித்தேன். கல் வரிசை காலி. நான்கு சக்கரமும் சோளத்தின் மேல்.

உரித்துப் போட்ட சோளமணி மேல் நீங்கள் நடந்து பார்த்திருக்கிறீர்களா? மணி ஒவ்வொன்றும் காலுக்கடியில் உருளும். ஆயிரம் கிலோ வண்டிக்கும் அப்படித்தான் உருண்டது. பின்பக்கம் என்னைக் கேட்காமல் தனியாகக் கிளம்பியது. முன்கண்ணாடியில் முதலில் சோளம் தெரிந்தது, பிறகு ஒரு வேப்பமரம், பிறகு நான் முந்தி வந்த அதே மினி பஸ், பிறகு மறுபடியும் சோளம், வேப்பமரம், மினி பஸ். அங்கே நின்றது. ஒன்றரைச் சுற்று என்பது என் கணிப்பு. அரைச் சுற்றுதான், மிச்சமெல்லாம் பயம் என்கிறாள் மாலதி. மினி பஸ்ஸில் இருந்தவர்கள் மூன்று சுற்று என்று ஊரில் சொல்லியிருக்கிறார்கள்.

எங்களுக்கு ஒரு கீறல் இல்லை. ஆடுகளுக்கும் இல்லை. நான் இறங்கிப் பின்கதவைத் திறந்ததும் லட்டுகளும் இறங்கின. உருண்டு போய்ச் சோளத்தில் கலந்தன. உடையாத லட்டு என்று ஒன்று இல்லை. இரண்டு ஆடும் திரும்பி வந்து சாவகாசமாகச் சாப்பிட ஆரம்பித்தன.

குச்சியோடு நின்ற அம்மா பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்தது. அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, அடி ஏதும் பட்டதா என்று கேட்டார். இல்லை என்றதும் வண்டியைப் பார்த்தார். வண்டி பெரம்பலூர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. "நீங்க போறீங்களா தம்பி, வர்றீங்களா?" என்றார்.

நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனால் மினி பஸ்ஸே சிரித்தது. டிரைவர் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து சிரித்தார். பஸ் போக வழி வேண்டுமே, ஆளுக்கொரு பக்கம் இறங்கிச் சோளத்தைக் காலால் ஒதுக்கினார்கள். நீலப் புடவை கட்டிய ஒரு பெண், நீங்க கலைவாணி தம்பிதானே என்று என்னைக் கேட்டார். கலைவாணி என் அக்கா. அந்த பஸ்ஸில் பாதிப் பேர் காதுகுத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லாரும் அக்காவின் மாமியார் வீட்டுச் சொந்தம். பஸ் கிளம்பும்போது அந்தப் பெண் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நாங்க போயி சொல்லிடுறோம், நீங்க மெதுவா வாங்க" என்றார். என் வாழ்நாளில் அவ்வளவு அன்பாக யாரும் என்னை மிரட்டியதில்லை.

அப்போது அக்கா போன் அடித்தாள். எங்கேடா இருக்கிறாய் என்றாள். வந்துட்டேன்க்கா என்றேன். மணி ஒன்பது ஐம்பது. வண்டி வீட்டைப் பார்த்து நிற்கிறது.

போனை வைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதைக் கெடுத்தது வண்டி இல்லை, ஆடு இல்லை, நான். லட்டுத் தட்டு காலியாகக் கையில் இருக்கிறது. மிச்சம் பத்துத் தட்டு. இரட்டைப்படையில் சீர் கொண்டு போகக் கூடாது. ஒன்றைக் குறைத்து ஒன்பதாக்கிவிடலாமா என்றேன் மாலதியிடம். பதினொன்று என்று அக்கா எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள், இரண்டு குறைந்தால் அதையும் ஒரு வருஷம் பேசுவார்கள் என்றாள் மாலதி. இதைக் கேட்டுக்கொண்டிருந்த அஞ்சலை குனிந்து, அள்ளிய சோளத்தை முறத்தில் இரண்டு தட்டுத் தட்டிப் புடைத்து, என் கையிலிருந்த தட்டில் கோபுரமாகக் குவித்தார். கிழிந்துபோன மஞ்சள் தாளை மாலதி இழுத்துப் போர்த்தினாள்.

"நல்ல காரியத்துக்கு வெறுந்தட்டோட போவக் கூடாது. இதுவும் மஞ்சளாத்தான் இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்றார் அஞ்சலை. அவருடைய சோளத்தை நாசம் செய்ததற்கு நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். ரோட்டில் போட்டது என் தப்பு, ரோட்டில் சுற்றியது உங்கள் தப்பு, லட்டு ஆட்டுக்கு ஆச்சு என்று அவரே பஞ்சாயத்தை முடித்துவிட்டார்.

வண்டியைத் திருப்பலாம் என்று உட்கார்ந்தேன். மஞ்சள் விளக்கு இன்னும் அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. இப்போது 'OFF' என்ற அந்த மூன்று எழுத்தும் கடை போர்டு மாதிரித் தெரிந்தது. மாலதி மடித்து வைத்த பக்கத்தைத் திறந்தாள். பின்பக்கம் அப்படி வெளியே தள்ளும்போது, இந்த ஈ.எஸ்.சி. வேலையில் இருந்திருந்தால் முன்னால் வெளிப்பக்கச் சக்கரத்தை மட்டும் பிடித்து வண்டியை நேராக்கப் பார்த்திருக்குமாம். ரொம்ப வேகமாகப் போனால் அதாலும் முடியாதாம், அதையும் தனிக் கட்டத்துக்குள் போட்டிருக்கிறார்களாம். ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டாமல் வாசித்தாள். குத்திக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கடைசியில், "வண்டிய அணச்சுட்டுத் திருப்பி எடுத்தா அதுவே வந்துடுமாம், பட்டன்கூட அமுக்க வேணாமாம்" என்றாள். அணைத்தேன். திரும்ப எடுத்தேன். எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து, மஞ்சள் விளக்கும் மற்றவற்றோடு சேர்ந்து போய்விட்டது. எத்தனை அவமானப்படுத்தினாலும் மறு தடவை சாவி போட்டதும் மறந்துவிட்டு வேலைக்கு வருகிறது. அந்த மனசு எனக்கு இல்லையே என்று அப்போது தோன்றியது.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து இருபது. வாசலில் கோவிந்தசாமி மாமா நின்றார். அவருக்குப் பின்னால் மினி பஸ் கும்பல் முழுவதும். மேளக்காரர்கள்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஓரத்தில் அக்கா, யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு, முகம் வெளுத்து. மாமா என் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். டயர் இடுக்கில் சிக்கியிருந்த ஒரு சோளமணியை நகத்தால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"போறீங்களா மாப்ள, வர்றீங்களா?" என்றார்.

அஞ்சலை கேட்டதை பஸ் எனக்கு முன்பே கொண்டுவந்து இறக்கிவிட்டிருந்தது. கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. நான் அக்காவைத்தான் பார்த்தேன். அக்காவின் மாமியார், மாலதி இறக்கி வைத்த தட்டின் மஞ்சள் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, லட்டு எங்கே என்று கேட்க வாயெடுத்தார். மாமா முந்திக்கொண்டார். அந்தத் தட்டைத் தானே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். "தானியத்தவிட மங்களம் என்ன இருக்கு? இதான் மொத தட்டு" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். மாமியார் வாயை மூடிக்கொண்டார். மேளம் மறுபடி ஆரம்பித்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அந்த அடி விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பத்தரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது யாழினி என் மடிக்கு வந்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் வீறிட ஆரம்பித்தவள், என் சட்டைப் பையில் கைவிட்டு எதையோ கண்டுபிடித்து அழுகையை நிறுத்தினாள். ஒரு பிடி சோளம். அது எப்படி அங்கே போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எண்ணிக்கொண்டே இருந்தாள், ஒரு காது முடிந்தது. இரண்டாவது காதுக்குத்தான் அழுதாள். ஆல்பத்தில் அந்தப் போட்டோ இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் கையில் பலூனோ பொம்மையோ வைத்திருப்பார்கள், இவள் கையில் மக்காச்சோளம்.

சாப்பாடு முடிந்ததும் மாமா என்னைத் தனியாக வண்டிக்குக் கூட்டிப்போய், அந்தப் பட்டனைக் காட்டச் சொன்னார். காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தார். (அந்தக் கண்ணாடியும் என் கடையில் போட்டதுதான்.) "நான் ஓட்டுனப்பல்லாம் இது இல்ல மாப்ள. இருந்துருந்தா நான் அமுக்கிருக்க மாட்டேன்" என்றார். 

இது நடந்து ஏழு வருடம் ஆகிறது. யாழினிக்குத் தம்பி பிறந்து அவனுக்குக் காது குத்தியபோது, சீர்த்தட்டைப் பார்த்ததும் மாமா கேட்ட முதல் கேள்வி, சோளத்தட்டு எங்கே என்பதுதான். அன்று கொண்டுபோகவில்லை. ஆள் அனுப்பி வாங்கி வரும்வரை மேளத்தை ஆரம்பிக்கவிடவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் எங்கள் சீரில் ஒரு தட்டு மக்காச்சோளம். அஞ்சலையிடம்தான் வாங்குகிறோம். இப்போது பத்திரிகை வைத்தால் அவரும் வந்துவிடுகிறார்.

போன மாதம் அக்காவின் புதுமனைப் புகுவிழா. வெளியூர்ச் சொந்தக்காரர் ஒருவர், தட்டில் எதற்குச் சோளம் என்று விசாரித்தார். மாமா முகத்தில் சிரிப்பே இல்லாமல் பதில் சொன்னார். "அது அவங்க பரம்பரை வழக்கம். வழியில ஒரு சுத்து சுத்தித்தான் சீரு கொண்டாருவாங்க." வந்தவர் பயபக்தியோடு தலையாட்டி, இரண்டு மணியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாலதி என்னைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

கிளம்பும்போது காரில் ஏறி உட்கார்ந்தேன். யாழினி ஓடி வந்து ஜன்னலில் தொங்கினாள். ஐந்தாவது படிக்கிறாள், காதில் நான் போட்ட தோடு.

"மாமா, போறீங்களா, வர்றீங்களா?"

போயிட்டு வரேன்மா என்று சொல்லி, டேஷ்போர்டை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.